ஆழ்வார்திருநகரியிலிருந்து மந்தைவெளிக்கு: யோகாச்சாரியார் கிருஷ்ணமாச்சார்யா

ஓம் சரவணபவ.

போகர், திருமூலர், பாம்பன் சுவாமிகள் என்று நம்ம பக்கத்தில் யோகியர் பற்றி நிறைய பதிவுகள் வந்தாச்சு. இன்னைக்கு எழுதப்போவது ஒரு வைணவரைப் பற்றி. நெற்றி நிறைய நாமம், குடுமி, பஞ்சகச்சம். முருகனடியார் பக்கத்தில் இவருக்கு என்ன வேலை என்று கேட்கத் தோன்றும். கொஞ்சம் பொறுமையா படிச்சிட்டு அப்புறம் திட்டுங்க.

தி.நகர், அடையாறு பக்கம் யோகா வகுப்புப் பலகைகளைக் கவனிச்சிருப்பீங்க. ஒரு இடத்தில் ஐயங்கார் யோகா, இன்னொரு இடத்தில் அஷ்டாங்க வின்யாசா, அடுத்த தெருவில் யோகா தெரபி. அமெரிக்காவில் வேலை பார்க்கும் நம்ம வீட்டுப் பிள்ளைகள் அங்கே போகிற வகுப்பும் பெரும்பாலும் இந்த வகைகளில் ஒன்றுதான். இத்தனைக்கும் வேர் தேடிப் போனால் ஒரே மனிதரிடம் வந்து நிற்கிறது. அவர் திருமலை கிருஷ்ணமாச்சார்யா. கடல் தாண்டிப் போகாதவர். வாழ்க்கையின் கடைசி 37 வருஷம் நம்ம சென்னையில்தான் இருந்தார். மயிலாப்பூர்க்காரர்களிலேயே பலருக்கு இது தெரியாது என்பதுதான் என்னை இதை எழுத வைத்தது.

பிறந்தது 1888 நவம்பர் 18. ஊர் இன்றைய கர்நாடகத்தின் சித்ரதுர்கா மாவட்டத்தில் முசுகுந்தபுரம். அப்பா ஸ்ரீநிவாச தாதாச்சாரியார் வேதம் சொல்லிக்கொடுப்பவர். முதல் ஆசனங்களையும் பிள்ளைக்கு அவர்தான் கற்றுத் தந்தார். பையனுக்குப் பத்து வயது இருக்கும்போது அப்பா காலமாகிவிட்டார். குடும்பம் மைசூருக்குப் போனது. அங்கே பரகால மடத்தின் பீடத்தில் இருந்தவர் இவர்களுடைய உறவுப் பெரியவர். மடத்திலேயே படிப்பு.

இவர்கள் குடும்பம் நாதமுனிகள் வழி வந்தது என்பது வீட்டில் சொல்லிச் சொல்லி வளர்த்த விஷயம். நாதமுனிகள் யார் என்று நம்மில் சிலருக்குத் தெரியாமல் இருக்கலாம். காட்டுமன்னார்கோயிலில் பிறந்த வைணவ ஆச்சாரியார். வழக்கொழிந்து போயிருந்த ஆழ்வார் பாசுரங்களைத் தேடி ஆழ்வார்திருநகரிக்குப் போய், அங்கே புளியமரத்தடியில் தவம் இருந்து, நம்மாழ்வாரிடமிருந்தே நாலாயிரத்தையும் பெற்றார் என்பது வைணவ மரபு. அவர் யோகத்திலும் பெரியவர் என்பார்கள். யோக ரகசியம் என்று அவர் எழுதிய ஒரு நூல் காணாமல் போனதாகவும் சொல்வார்கள்.

இப்போ நம்ம ஆளுக்கு வருவோம். பதினாறு வயதில் ஒரு கனவு. ஆழ்வார்திருநகரிக்கு வரச்சொல்லி அழைப்பு. கிளம்பிவிட்டார். ஊர் எங்கே இருக்கு தெரியுமா? திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் போகிற வழியில். செந்தூர் முருகனைப் பார்க்கப் போகிற நம்மில் எத்தனை பேர் அந்த கோபுரத்தை பஸ் ஜன்னல் வழியா பார்த்துக்கொண்டே போயிருப்போம்! கோயில் வாசலில் ஒரு பெரியவர் வழிகாட்ட, பையன் ஆற்றோரம் ஒரு மாந்தோப்புக்குப் போனான். பயணக் களைப்பும் பட்டினியும் சேர்ந்து அங்கேயே மயங்கி விழுந்தான். அந்த மயக்கத்தில் மூன்று முனிவர்கள் தெரிந்தார்கள். நடுவில் இருந்தவர் நாதமுனிகள். அவர் யோக ரகசியத்தைச் சொல்லச் சொல்ல இவன் கேட்டான். கண் விழித்தபோது தோப்பும் இல்லை, முனிவர்களும் இல்லை. சுலோகங்கள் மட்டும் மனதில் நின்றன.

இதை அவர் தன் மகனிடமும் மாணவர்களிடமும் சொல்லியிருக்கிறார். அந்த சுலோகங்கள் பின்னாளில் புத்தகமாகவும் வந்தன. அவை நாதமுனிகள் சொன்னவையா, இவரே இயற்றியவையா என்று ஆராய்ச்சியாளர்கள் இன்னமும் வாதம் பண்ணுகிறார்கள். நமக்கு இது ஒன்றும் புதுசு இல்லை. அருணகிரிநாதர் கோபுரத்திலிருந்து விழுந்து முருகன் தாங்கியதை நம்புகிறவர்கள் நாம். கர்ப்பிணிப் பெண்களுக்கான யோகம், வயதானவர்களுக்கான யோகம் என்று அந்த நூல் தனித்தனியாகப் பேசுகிறது. இதை மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க. பின்னால் தேவைப்படும்.

அதற்கப்புறம் காசி. சமஸ்கிருதம், தர்க்கம், மீமாம்சை, சாங்கியம், ஆயுர்வேதம் என்று பல வருஷப் படிப்பு. கையில் காசு கிடையாது. தினமும் பிச்சை எடுத்து, கிடைத்த மாவைத் தண்ணீரில் பிசைந்து ரொட்டி சுட்டுச் சாப்பிட்டுப் படித்தவர். யோகத்தை முழுமையாகக் கற்கவேண்டும் என்றால் ராமமோகன பிரம்மச்சாரியிடம் போ என்று காசியில் வழி சொன்னார்கள். அவர் இருந்தது கைலாயம், மானசரோவர் பக்கம். நடந்தே போய்ச் சேர்ந்தார். குகையில் குடும்பத்தோடு வாழ்ந்த அந்த குருவிடம் ஏழரை வருஷம் இருந்தார். பதஞ்சலி சூத்திரம் மனப்பாடம், ஆசனம், பிராணாயாமம், நோய்களுக்கு யோகத்தை எப்படிப் பயன்படுத்துவது என்கிற சிகிச்சை முறை, எல்லாம் அங்கே.

முடித்தபோது குருதட்சணை என்ன என்று கேட்டார். குரு கேட்டது பணம் இல்லை. ஊருக்குப் போய் கல்யாணம் செய்துகொள், பிள்ளைகளைப் பெற்று வளர், யோகத்தை மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடு என்றார். அவ்வளவுதான்.

இது சின்ன விஷயமாகத் தோன்றலாம். ஆனால் இவ்வளவு சாஸ்திரம் படித்தவருக்குக் கல்லூரிப் பதவிகள் காத்திருந்தன. பரகால மடத்தின் பீடமே அவரைத் தேடி வந்தது, ஒருமுறைக்கு மேல். பீடம் ஏறினால் சந்நியாசம் வாங்கவேண்டும். வேண்டாம் என்று சொல்லிவிட்டார். குருவுக்குக் கொடுத்த வாக்கு குடும்பஸ்தனாக இருப்பது. யோகம் என்றால் காட்டுக்குப் போவது, காவி கட்டுவது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம் இல்லையா? இவர் கடைசி வரை பெண்டாட்டி, பிள்ளை, பேரன், பேத்தி என்று வாழ்ந்தவர்.

1925-ல் நாமகிரியம்மாளோடு கல்யாணம். வாக்கைக் காப்பாற்றப் போய் வறுமை வந்தது. யோகம் கற்றுக்கொள்ள யாரும் வரவில்லை. அந்தக் காலத்தில் யோகம் என்றால் சாமியார்கள் சமாச்சாரம், இல்லையென்றால் தெருவில் வித்தை காட்டுபவர்கள் சமாச்சாரம். ஆறு தரிசனங்களையும் கரைத்துக் குடித்த பண்டிதர் ஹாசன் மாவட்டத்தில் ஒரு காபித் தோட்டத்தில் மேற்பார்வை வேலைக்குப் போனார். அரைக்கால் சட்டை, அரைக்கை சட்டை, தலையில் தொப்பி, கையில் கம்பு. மனைவியின் பழைய புடவையைக் கிழித்துக் கோவணம் கட்டிக்கொண்ட காலமும் இருந்தது. விடுமுறை நாட்களில் ஊர் ஊராகப் போய் யோகத்தைப் பற்றிப் பேசினார், ஆசனங்கள் செய்து காட்டினார். அப்படி ஒரு நிகழ்ச்சியை ஹாசனில் பார்த்துவிட்டு அடுத்த நாளே வந்து சேர்ந்த பன்னிரண்டு வயதுப் பையன்தான் பட்டாபி ஜோயிஸ்.

பிறகு மைசூர் மகாராஜா நால்வடி கிருஷ்ணராஜ உடையார் கண்ணில் பட்டார். 1933-ல் ஜகன்மோகன் அரண்மனையின் ஒரு பகுதியை ராஜா யோகசாலைக்காக ஒதுக்கிக் கொடுத்தார். 1934-ல் கன்னடத்தில் யோக மகரந்தம் என்ற புத்தகம் வந்தது. அரண்மனைப் பையன்கள்தான் மாணவர்கள். துள்ளுகிற வயசு. அவர்களுக்கு ஏற்ற மாதிரி ஒரு ஆசனத்திலிருந்து இன்னொன்றுக்கு மூச்சோடு சேர்ந்து தாவித் தாவிப் போகிற முறையை அங்கே கற்றுக்கொடுத்தார். இன்னைக்கு உலகம் முழுக்க வேர்வை கொட்டச் செய்கிற அஷ்டாங்க வின்யாசாவுக்கு மூலம் அந்த வகுப்புதான். நாற்பது வயசில் முழங்கால் வலியோடு போய் அந்த வகுப்பில் சேருகிறவர்கள் இது பதினைந்து வயசுப் பையன்களுக்குப் போட்ட பாடம் என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது!

யோகத்தின் தோற்றம் பற்றிய சண்டையும் இங்கேதான் வருகிறது. பதஞ்சலியின் சுமார் 195 சூத்திரங்களில் ஆசனத்தைப் பற்றி நேராகப் பேசுபவை மூன்றே மூன்று. உட்காருவது நிலையாகவும் சுகமாகவும் இருக்கவேண்டும் என்பதோடு சரி. திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் நம்ம திருமூலர் அட்டாங்க யோகத்தை விரிவாகச் சொல்கிறார். அங்கேயும் ஆசனம் எட்டில் ஒரு அங்கம்தான், அதுவும் பெரும்பாலும் அமர்கிற நிலைகள். ஹடயோக பிரதீபிகையில் விளக்கப்படும் ஆசனங்கள் 15. அப்படியென்றால் இன்றைக்கு வகுப்புகளில் செய்கிற நூற்றுக்கணக்கான நிலைகள் எங்கிருந்து வந்தன? மைசூர் அரண்மனையில் 19-ஆம் நூற்றாண்டில் தொகுத்த ஸ்ரீதத்துவநிதி என்ற சுவடியில் 122 ஆசனங்கள் படத்தோடு இருக்கின்றன. அரண்மனையில் மல்யுத்த, கயிற்றுப் பயிற்சிகளும் இருந்தன. கிருஷ்ணமாச்சார்யா இவற்றிலிருந்தெல்லாம் எடுத்துச் சேர்த்தார் என்று நார்மன் ஷோமன் 1996-லும், மேலைநாட்டு உடற்பயிற்சியின் பாதிப்பும் உண்டு என்று மார்க் சிங்கிள்டன் 2010-லும் எழுதினார்கள். அவரோ எல்லாம் குருவும் சாஸ்திரமும் தந்தது என்றே சொல்லி வந்தார். தனக்கென்று பெருமை எதையும் எடுத்துக்கொள்ளவில்லை.

என் கருத்தைச் சொல்றேன். பழைய வித்து, புது மரம். இரண்டும் உண்மை. ஒரு பரம்பரை உயிரோடு இருக்கிறது என்றால் ஒவ்வொரு தலைமுறையிலும் யாராவது அதில் கைவைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். சந்தப் பாட்டு அருணகிரிநாதருக்கு முன்னாலும் இருந்தது. அதற்காகத் திருப்புகழைப் பழைய சரக்கு என்று யாராவது சொல்வோமா?

மைசூர் காலத்தில் அவர் நிறைய வித்தை காட்டினார் என்பதையும் மறைக்கவேண்டாம். நாடியை நிறுத்துவது, ஓடும் காரை வெறும் கையால் தடுப்பது, பல்லால் பாரம் தூக்குவது. 1935-ல் தெரெஸ் பிராஸ் என்ற பிரெஞ்சு இதய மருத்துவர் கருவிகளோடு வந்து இவரைப் பரிசோதித்தார். இதயத் துடிப்பு ஏறக்குறைய நின்றுவிட்டதுபோல் பதிவானது. முகநூலில் இது இன்னமும் சுற்றுகிறது. ஆனால் 1961-ல் வெளியான வேறு ஒரு ஆய்வில், இப்படிச் செய்கிற யோகிகளை இசிஜி வைத்துப் பார்த்த அமெரிக்க, இந்திய மருத்துவர்கள் விஷயத்தை விளக்கிவிட்டார்கள். மூச்சை அடக்கி மார்புத் தசைகளை இறுக்கும்போது இதயத்துக்குத் திரும்புகிற ரத்தம் குறைகிறது. நாடி கைக்குத் தட்டுப்படாது, ஸ்டெதஸ்கோப்பில் சத்தமும் கேட்காது. இதயம் மட்டும் துடித்துக்கொண்டேதான் இருக்கும். சிக்னல் வீக், சர்வர் டவுன் இல்லை. இதைச் சொல்வதால் யோகத்துக்கு ஒரு குறையும் வந்துவிடாது. ஜனங்களைத் திரும்பிப் பார்க்கவைக்கத்தான் அந்தக் காட்சிகள்.

கோபமும் உண்டு. பயங்கரக் கோபம். மைத்துனர் பி.கே.எஸ். ஐயங்கார் 1934-ல் மைசூர் வந்தபோது பதினைந்து பதினாறு வயசு. காசநோய், மலேரியா, டைபாய்டு என்று எல்லாம் வந்து போன நோஞ்சான் பையன். அக்கா வீட்டில் தங்கி எடுபிடி வேலை செய்துகொண்டு, அடியும் வாங்கிக்கொண்டு கற்றவர். பார்வையாளர்கள் முன்னால் ஹனுமானாசனம் செய் என்று குரு திடீரென்று கட்டளையிட, பழக்கமே இல்லாமல் காலை நீட்டி, தொடைத் தசை கிழிந்து ரொம்ப நாள் நடக்க முடியாமல் போனது என்று ஐயங்காரே பின்னால் சொல்லியிருக்கிறார். குருவாக இருந்தாலும் இது சரி என்று என்னால் எழுத முடியவில்லை. அதே ஐயங்கார் 1937-ல் புனே போனார், 1952-ல் வயலின் மேதை யெஹூதி மெனுஹினுக்குக் கற்றுக்கொடுத்தார், 1966-ல் லைட் ஆன் யோகா எழுதினார். புத்தகத்தை சமர்ப்பணம் செய்தது யாருக்கு? அதே குருவுக்கு.

ரீகா நகரில் பிறந்த ருஷ்யப் பெண் ஒருவர் 1937 வாக்கில் வந்து கேட்டபோது, வெளிநாட்டுக்காரி, அதிலும் பெண், முடியாது என்று கதவைச் சாத்தினார். மகாராஜா சொன்னதால் வேறு வழியில்லாமல் ஒப்புக்கொண்டார். உணவிலும் நேரத்திலும் கடுமையான நிபந்தனைகள் போட்டுப் பார்த்தார். அந்தப் பெண் எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டு கற்றார். அவர்தான் இந்திரா தேவி. பின்னாளில் ஹாலிவுட்டில் யோக நிலையம் திறந்தவர். பெண்கள் விஷயத்தில் கிருஷ்ணமாச்சார்யா மனசு மாறியதற்கு இது ஒரு தொடக்கம் என்று நினைக்கிறேன். பிற்காலத்தில் பெண்களுக்கு வேதம் ஓதவே கற்றுக்கொடுத்தார். அவர் பிறந்த ஆசாரத்தை யோசித்துப் பாருங்க, சாதாரண காரியம் இல்லை.

1938-ல் எடுத்த ஊமைப்படம் ஒன்று யூட்யூபில் கிடைக்கிறது. கிருஷ்ணமாச்சார்யாவுக்கு அப்போ ஐம்பது வயசு. மனைவியும் சின்னப் பெண்களும்கூட ஆசனம் செய்கிறார்கள். நேரம் கிடைக்கும்போது பாருங்க.

1940-ல் மகாராஜா காலமானார். ஆதரவு மெல்ல மெல்லக் குறைந்தது. சுதந்திரம் வந்து சமஸ்தானம் போனது. 1950-ல் மைசூர் முதல்வர் கே.சி. ரெட்டி காலத்தில் யோகசாலை மூடப்பட்டது. வயசு அறுபதைத் தாண்டிவிட்டது. ஆறு பிள்ளைகள். இருபது வருஷம் பாடுபட்டுக் கட்டியது காற்றோடு போயாச்சு. எனக்கு இவர் கதையில் ரொம்பப் பிடித்த பகுதியே இதற்கப்புறம் வருவதுதான். நம்மில் பலர் ரிட்டையர் ஆகி ஈஸிசேரில் சாய்கிற வயசில் இவர் முதலிலிருந்து ஆரம்பித்தார்.

1952-ல் பக்கவாதம் வந்த ஒரு பிரபல சட்ட நிபுணருக்கு சிகிச்சை தருவதற்காக சென்னைக்கு வந்தார். வந்தவர் இங்கேயே தங்கிவிட்டார். மயிலாப்பூர் விவேகானந்தா கல்லூரியில் யோகம் கற்பிக்கிற வேலையும் கிடைத்தது. கபாலி கோயிலிலிருந்து நடந்து போகிற தூரம்தான்.

சென்னையில் அவரிடம் வந்தவர்கள் துள்ளுகிற பையன்கள் இல்லை. சர்க்கரை, ஆஸ்துமா, முதுகுவலி, தூக்கமின்மை, பிள்ளைப்பேறு இல்லாத கவலை, பக்கவாதம். குடும்பஸ்தர்கள், வயதானவர்கள். இவர்களை வரிசையில் நிற்கவைத்து எண்ணிக்கை சொல்லி ஆசனம் போடவைக்க முடியுமா? அதனால் அவர் ஒவ்வொருவரையும் தனியாக உட்காரவைத்தார். நாடி பார்த்தார். என்ன வேலை, என்ன சாப்பாடு, எப்போ தூக்கம், வீட்டில் என்ன நிலைமை என்று கேட்டார். அப்புறம் அந்த ஒருவருக்கு மட்டும் ஒரு பயிற்சி. ஒரு கையைத் தூக்குவதும் இறக்குவதும் மூச்சோடு சேர்ந்து நடந்தால் போதும் என்றால் அது மட்டும்தான். கூட பத்தியம், தேவைப்பட்டால் மூலிகை. மறுமுறை வரும்போது உடம்பு மாறியிருந்தால் பயிற்சியும் மாறும்.

மைசூரில் காரை நிறுத்தியவர் சென்னையில் ஒரு நோயாளியின் மூச்சை நீளமாக்கிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கூட்டமில்லை, கைதட்டல் இல்லை. யோகத்துக்காக மனிதனை வளைக்கவேண்டியதில்லை, மனிதனுக்காக யோகத்தை வளைக்கவேண்டும். அவருடைய சென்னை வாழ்க்கை முழுக்க இதுதான். யோக ரகசியம் ஆளுக்கு ஏற்ற யோகத்தைப் பேசியது என்று மேலே சொன்னேனே, அது இங்கேதான் வேலைக்கு வந்தது.

பக்தி விஷயத்திலும் அப்படியே. தனக்குத் தினமும் ஹயக்ரீவர் பூஜை, அதில் துளி விட்டுக்கொடுக்க மாட்டார். ஆனால் கற்க வந்தவரிடம் நாராயணனைத் திணித்ததில்லை. கண்ணை மூடிக் கடவுளை நினை. கடவுள் ஒத்துவரவில்லையா, சூரியனை நினை. அதுவும் முடியாதா, உன் அம்மா அப்பாவை நினை. இதுதான் அவர் தியானம் கற்றுக்கொடுத்த விதம். இஸ்லாமியர் வந்தால் அவர் மதத்துக்கு ஏற்ற சொல்லைத்தான் கொடுப்பார். நம்மை மாதிரி ஒருத்தர் போயிருந்தால் மூச்சோடு சரவணபவ சொல் என்றுதானே சொல்லியிருப்பார்? முருகன் பக்கத்தில் இவரைப் பற்றி எழுத எனக்கு இந்த ஒரு காரணம் போதும்.

இப்போ மகன் கதை. இதைச் சொல்லாவிட்டால் ஒரு இன்ஜினியராக எனக்குத் தூக்கம் வராது. தேசிகாச்சார் 1938-ல் பிறந்தவர். சிவில் இன்ஜினியரிங் முடித்தவர். அப்பாவின் யோகத்தில் அவருக்குப் பெரிய ஈடுபாடு ஒன்றும் கிடையாது. வடக்கே ஒரு நல்ல வேலை தயாராக இருந்தது. 1961 வாக்கில் ஒரு நாள் காலை வீட்டு வாசலில் நிற்கிறார். பெரிய கார் ஒன்று வந்து நிற்கிறது. நியூசிலாந்துப் பெண்மணி ஒருவர் இறங்கி ஓடிவந்து, நாமம் போட்ட, வெற்று மேனியான அந்த ஆச்சார வைணவரை நடுத்தெருவில் கட்டிப்பிடித்துக்கொள்கிறார். பையனுக்குத் தலை சுற்றிவிட்டது. விசாரித்தால், பல வருஷமாகத் தூக்கமே இல்லாமல் தவித்தவராம், முந்தின இரவு மாத்திரை இல்லாமல் தூங்கியிருக்கிறார். அந்த சந்தோஷம்.

இங்கிலீஷ் அவ்வளவாகப் பேசாத அப்பாவால் உலகத்து மருந்துகள் செய்யாததைச் செய்ய முடிந்திருக்கிறது, நமக்கு வீட்டுக்குள்ளேயே இருந்தும் தெரியவில்லையே என்று தேசிகாச்சார் வேலையை விட்டுவிட்டு அப்பாவிடம் வந்து நின்றார். அப்பா உடனே ஒப்புக்கொள்ளவில்லை. அதிகாலை மூன்றரைக்கு எழுந்து வா என்றார். மகன் விடாமல் வந்தார். கடவுள் சமாச்சாரம் வேண்டாம், ஆசனம் மட்டும் போதும் என்று மகன் போட்ட நிபந்தனைக்கு அப்பா தலையாட்டினார். கொஞ்ச காலத்தில் மகனே பதஞ்சலி சூத்திரத்தைக் கேட்டுக்கொண்டு வந்தார். அவசரப்படுத்தாமல் காத்திருந்தது அப்பாவின் கெட்டிக்காரத்தனம். மைசூரில் மைத்துனனை அடித்துச் சொல்லிக்கொடுத்த அதே மனிதரா இவர் என்று தோன்றுகிறது இல்லையா? வயசும் பட்ட அடியும் ஆளை மாற்றியிருக்கிறது.

தேசிகாச்சாரிடம் ஜே. கிருஷ்ணமூர்த்தி 1960-களில் யோகம் கற்றார். 1976-ல் அப்பா பெயரில் கிருஷ்ணமாச்சார்யா யோக மந்திரம் தொடங்கியது. மந்தைவெளியில் இருக்கும் அந்த மந்திரத்துக்கு எத்தனையோ நாடுகளிலிருந்து ஆட்கள் வந்துகொண்டிருக்கிறார்கள். தேசிகாச்சார் 2016-ல் காலமானார். மூத்தவரிடம் நேராகவே 18 வருஷம் கற்ற ஏ.ஜி. மோகனும், முப்பது வருஷத்துக்கு மேல் கற்ற ஸ்ரீவத்ச ராமசுவாமியும் இதே சென்னையில் உருவானவர்கள்தான்.

மாணவர்கள் கற்றுக்கொடுப்பது ஏன் ஒருவருக்கொருவர் இவ்வளவு வித்தியாசமாக இருக்கிறது என்று இப்போ புரியும். பட்டாபி ஜோயிஸுக்குக் கிடைத்தது 1930-களின் கிருஷ்ணமாச்சார்யா. தேசிகாச்சாருக்குக் கிடைத்தது 1960-களின் கிருஷ்ணமாச்சார்யா. ஒரே கோடிலிருந்து வெவ்வேறு காலத்தில் பிரிந்த கிளைகள். எங்க துறையில் இதை ஃபோர்க் என்போம். எது அசல் என்று சண்டை போடுவதில் அர்த்தமில்லை. மூலவர் கடைசி வரை திருத்திக்கொண்டே இருந்தார் என்பதுதான் விஷயம்.

1984-ல், 96 வயதில், கீழே விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷன் வேண்டாம் என்றார். படுக்கையில் இருந்தபடியே செய்யக்கூடிய பயிற்சியைத் தனக்குத்தானே வகுத்துக்கொண்டார். அதுவரை மற்றவர்களுக்கு எழுதிக்கொடுத்ததை இப்போ தனக்கு. இந்த இடத்தைப் படிக்கும்போது எனக்குத் திருவான்மியூர் நினைப்புதான் வந்தது. 1923 டிசம்பரில் தம்புச் செட்டித் தெருவில் குதிரை வண்டி ஏறி நம்ம பாம்பன் சுவாமிகளுக்குக் கால் முறிந்ததும், பொது மருத்துவமனைப் படுக்கையில் அவர் மயூர வாகன சேவை கண்டதும் உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. ஒருவருக்கு சண்முக கவசம், இன்னொருவருக்கு மூச்சு. இரண்டு முதியவர்களும் உடைந்த எலும்போடு கலங்காமல் கிடந்தது ஒரே ஊரில்தான்.

1988-ல் நூறாவது பிறந்தநாள் கொண்டாடினார்கள். கடைசி வரை மாணவர்கள் வந்துகொண்டிருந்தார்கள். 1989 பிப்ரவரி 28 அன்று சென்னையில் காலமானார். 2014 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் சபை ஜூன் 21-ஐ யோக தினமாக அறிவித்தது. அந்த நாளில் மெரினாவில் வரிசையாகப் பாய் விரிப்பதைப் பார்த்தால் அவர் என்ன நினைத்திருப்பார் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. ஆயிரம் பேரும் ஒரே நேரத்தில் ஒரே ஆசனம் போடுவது, சென்னையில் அவர் 37 வருஷம் செய்ததற்கு நேர் எதிர் இல்லையா?

நம்ம குழுவில் மயிலாப்பூர், மந்தைவெளி, அபிராமபுரம் பக்கத்துப் பெரியவர்கள் நிறைய பேர் இருக்கீங்க. எழுபது எண்பதுகளில் அவரை நேரில் பார்த்தவர்களோ, வீட்டில் யாராவது அவரிடம் சிகிச்சைக்குப் போனவர்களோ இருந்தால் தயவுசெய்து குரல் பதிவாகவாவது அனுப்புங்க. அடுத்த சஷ்டிப் பதிவோடு சேர்த்துப் போடுறேன்.

வேலும் மயிலும் துணை.